வொலட்டில் 60 யூஎஸ்டிடி இருக்கிறது, அனுப்பப் போனால் ‘டிஆர்எக்ஸ் போதாது’ என்கிறது. இது யாருடைய டொலர்?

தலவாக்கலை_கடை:

எல்லோருக்கும் வணக்கம். நான் தலவாக்கலையில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளிச் சின்னதாக ஒரு கொமினிகேஷன் வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி, ரீலோட், பாஸ்போர்ட் போட்டோ, ஒன்லைன் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது, இதுதான் வேலை. கிறிப்டோ பக்கம் தலை வைத்தும் படுத்ததில்லை. எதில் காசு போடலாம் என்று கேட்க வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அதனால் ‘அண்ணா ஒரு சான்ஸ் இருக்கு’ என்று யாரும் தனியாக மெசேஜ் போட வேண்டாம், அந்த மெசேஜைக் காட்டி ‘இது உண்மையா’ என்று கேட்டு வருகிறவர்களைக் கடையில் நிறையவே பார்க்கிறேன்.

விஷயம் இது. அக்கா மகன் வீட்டிலிருந்தபடி லோகோ, போஸ்டர் வரைகிறான். துபாயில் இருக்கும் ஒருவருக்குச் செய்து கொடுத்த வேலைக்கு அவர் பேங்குக்கு அனுப்பாமல் யூஎஸ்டிடியாக, அதாவது ஒன்று ஒரு டொலருக்குச் சமம் என்கிற கிறிப்டோ காசாக, அனுப்பிவிட்டார். மருமகனின் போன் ரிப்பேரில் இருந்ததால் என் போனில்தான் வொலட் (கிறிப்டோ காசை வாங்க, அனுப்ப ஒரு செயலி) போட்டோம். 60 வந்து உட்கார்ந்தது, பார்த்ததும் சந்தோஷம்தான். அதில் 20ஐ ஹட்டனில் இருக்கும் அவனுடைய கூட்டாளிக்கு அனுப்ப வேண்டும், வேலையில் பாதி செய்தவன் அவன். அனுப்பப் போனால் ‘டிஆர்எக்ஸ் போதாது’. டொலர் இருக்கிறது, அந்த டொலரை அனுப்ப வேறு ஏதோ ஒரு காசு கேட்கிறது. பஸ்ஸில் ஏறி 100 ரூபாயை நீட்டினால் கண்டக்டர் ‘டிக்கெட்டுக்கு இந்திய ரூபாய்தான் எடுப்போம்’ என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படி இருக்கிறது.

அதோடு விட்டிருக்கலாம், ஆனால் இரண்டு நாளாக மண்டைக்குள் இதுவே ஓடுகிறது. என் போனுக்குள் உண்மையில் என்னதான் இருக்கிறது? போன் மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தில் விழுந்தால் 60 டொலரும் மீனுக்கா? நிஜ டொலரை யார், எங்கே வைத்திருக்கிறார்கள்? எப்படி எப்போதும் ஒரு டொலராகவே நிற்கிறது? 2022இல் நம் ரூபாய் 200இலிருந்து 360 வரை ஓடியதை எல்லோரும் பார்த்தோம், ஒரு நாட்டு மத்திய வங்கியால் பிடிக்க முடியாததை ஒரு தனியார் கொம்பனி எப்படிப் பிடித்து வைத்திருக்கிறது? யூடியூப்பில் எல்லோரும் எப்படி வாங்குவது என்றுதான் சொல்கிறார்கள், அது என்ன சாமான் என்று ஒருவரும் சொல்வதாகக் காணோம்.

பண்டாரவளை_நிரல்காரன்:

அண்ணா, போனுக்குள் டொலரும் இல்லை, டோக்கனும் இல்லை. ஒரு சாவி மட்டும்தான் இருக்கிறது. வொலட் போடும்போது 12 ஆங்கிலச் சொற்களைக் காட்டி எழுதி வைக்கச் சொல்லியிருக்கும். எழுதினீர்களா? இல்லை என்றால் இதை வாசிப்பதை நிறுத்திவிட்டு அதைச் செய்துவிட்டு வாருங்கள், ஸ்கிரீன்ஷொட் வேண்டாம், காகிதத்தில் எழுதுங்கள். அந்தச் சொற்களிலிருந்துதான் சாவி பிறக்கிறது. போன் தண்ணீரோடு போனாலும் அவற்றை இன்னொரு போனில் போட்டால் 60உம் திரும்பத் தெரியும். சொற்களும் தொலைந்துவிட்டால் 60 எங்கும் போகாது, அதே இடத்தில் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி அப்படியே இருக்கும், ஆனால் எடுக்க ஆள் இல்லை.

சரி, அந்த ‘இடம்’ எது? நீங்கள் தலவாக்கலை ஆள், செக்ரோல் என்கிற தோட்டத்து வேலைப் பதிவேடு தெரியாமல் இருக்காது. மலையில் கொழுந்து எடுக்கிற அம்மாவின் கையில் அன்றைய சம்பளம் இல்லை, தோட்டத்து ஆபிஸில் இருக்கிற செக்ரோலில் அவர் பெயருக்கு நேரே ஒரு பேர் (ஒரு நாள் வேலைக்கான பதிவு) விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். யூஎஸ்டிடியும் அப்படி ஒரு செக்ரோல்தான். ட்ரொன் என்ற வலையமைப்பில், யூஎஸ்டிடியை வெளியிடுகிற டெதர் கொம்பனி ஒரு நிரலை ஏற்றி வைத்திருக்கிறது, அதைத்தான் கொன்ட்ராக்ட் என்கிறார்கள் (பெயரைக் கேட்டு வக்கீல் விஷயம் என்று நினைக்க வேண்டாம், வெறும் நிரல்). அதற்குள் ஒரு அட்டவணை, ஒரு பக்கம் முகவரி (பேங்க் கணக்கு இலக்கம் மாதிரி), மறுபக்கம் ஓர் எண். உங்கள் முகவரிக்கு நேரே இப்போது 60000000 என்று இருக்கும். 60 இல்லை, ஆறு கோடி. யூஎஸ்டிடிக்கு தசமத்துக்குப் பின் ஆறு இடம், அதனால் நிரல் எல்லாவற்றையும் பத்து லட்சத்தில் ஒரு பங்காகவே எண்ணுகிறது, புள்ளி போட்டுக் காட்டுவது வொலட்டின் வேலை.

நீங்கள் 20 அனுப்பினால் எதுவும் எங்கும் பயணம் செய்வதில்லை. இது இந்த முகவரியின் சாவியால் போட்ட கையெழுத்தா, அந்த வரிசையில் அவ்வளவு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இருந்தால் உங்கள் வரிசையில் இரண்டு கோடி கழியும், கூட்டாளியின் வரிசையில் இரண்டு கோடி ஏறும். முடிந்தது.

தோட்டத்து செக்ரோல் ஒரே புத்தகம், ஆபிஸ் அலமாரியில் இருக்கும். இது உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களில் பிரதி பிரதியாக இருக்கிறது. ட்ரொனில் டிஆர்எக்ஸ் வைத்திருப்பவர்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்த 27 பிரதிநிதிகள் முறை வைத்து 3 விநாடிக்கு ஒரு பக்கம் எழுதுகிறார்கள், மற்றவர்கள் சரிபார்க்கிறார்கள். அதனால் எந்தக் கணக்கப்பிள்ளையும் முழுப்பேரை ராத்திரியோடு ராத்திரியாக அரைப்பேராக்க முடியாது.

இப்போது உங்கள் பஸ் டிக்கெட். புத்தகத்தில் எழுதுவதற்குக் கட்டணம் உண்டு, அந்தக் கட்டணம் அந்த வலையமைப்பின் சொந்தக் காசில்தான், ட்ரொனில் அது டிஆர்எக்ஸ், எதீரியம் என்ற இன்னொரு வலையமைப்பில் ஈதர். யூஎஸ்டிடி அங்கே குடியிருக்க வந்த ஆள். அது டொலரா, புளியங்கொட்டையா என்பதே ட்ரொனுக்குத் தெரியாது, தன்மேல் ஓடுகிற ஆயிரக்கணக்கான நிரல்களில் அதுவும் ஒன்று. நிரலை ஓட்டுவதற்கு ‘எனர்ஜி’ என்று ஒரு அளவு செலவாகும், ஒருமுறை யூஎஸ்டிடி அனுப்ப ஏறக்குறைய 65,000. வாங்குகிறவர் முன்பு யூஎஸ்டிடியே வைத்திருக்காத புது முகவரி என்றால் கிட்டத்தட்ட இரட்டிப்பு, ஏனென்றால் அட்டவணையில் புதிதாக ஒரு வரிசை திறக்க வேண்டும். உங்களிடம் எனர்ஜி இல்லாததால் அதற்கு ஈடாக டிஆர்எக்ஸ் எரியும், அதாவது அழிந்துவிடும். எவ்வளவு எரியும் என்பதை அந்தப் பிரதிநிதிகள் வாக்கெடுத்து அவ்வப்போது மாற்றுவார்கள், அதனால் நான் தொகை சொல்லவில்லை, அனுப்புவதற்கு முன் வொலட்டே காட்டும். அதற்குக் கொஞ்சம் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் தீர்ந்தால் அனுப்புதல் ரத்தாகும், எரிந்த டிஆர்எக்ஸ் திரும்பாது.

கூட்டாளியிடம் டிஆர்எக்ஸ் இருந்தால் இதே முகவரிக்குக் கொஞ்சம் போடச் சொல்லுங்கள். முகவரி ட்ரொன் முகவரிதானா என்று மட்டும் பாருங்கள், ஆங்கில ‘டி’ எழுத்தில் தொடங்கி 34 எழுத்து இருக்கும். யூஎஸ்டிடி என்ற பெயரில் எதீரியத்தில் இருப்பது வேறு புத்தகம், ட்ரொனில் இருப்பது வேறு புத்தகம். முதன்முதலில் 2014இல் பிட்கொயின் மேலேதான் ஓடியது, ட்ரொனுக்கு வந்தது 2019இல்.

கணக்கப்பிள்ளை_பேரன்:

மேலே எழுதிய தம்பிக்கு ஒரு சின்ன எதிர்ப்பு. என் தாத்தா கணக்கப்பிள்ளை. அரைப்பேர் பேச்சை எடுத்தால் எங்கள் வீட்டில் இப்போதும் சோறு இறங்காது. ஆனால் சொன்னது சரிதான், அதுதான் வருத்தம்.

நான் அண்ணனின் மற்றக் கேள்விக்கு வருகிறேன், டொலர் எங்கே. தம்பி சொன்ன அட்டவணையில் எண் ஏறுவதற்கு இரண்டு வழி. ஒன்று, இன்னொருவர் வரிசையிலிருந்து கழிந்து ஏறுவது. மற்றது, கொம்பனி தன் சாவியால் புதிதாக எழுதுவது, அதைத்தான் மின்ட் என்கிறார்கள். பெரிய வியாபாரி ஒருவர் கொம்பனியின் பேங்கில் பத்து லட்சம் டொலர் கட்டினால் அட்டவணையில் பத்து லட்சம் புதிதாக எழுதிக் கொடுப்பார்கள். அவர் திருப்பிக் கொடுத்து டொலர் கேட்டால் அந்த டோக்கனை அழித்துவிட்டு டொலரைக் கொடுப்பார்கள். கட்டிய டொலரைச் சும்மா வைத்திருக்க மாட்டார்கள், பெரும்பகுதியை அமெரிக்க அரசாங்கத்தின் குறுங்காலத் திறைசேரி உண்டியல்களில் (அரசாங்கத்துக்குக் கொடுக்கிற குறுங்காலக் கடன்) போடுகிறார்கள். வட்டி வரும். அந்த வட்டி உங்கள் மருமகனுக்கு இல்லை அண்ணா, கொம்பனிக்கு. அவர்களுடைய பிழைப்பே அதுதான்.

விலை ஒரு டொலரில் நிற்பதற்கு மந்திரம் எதுவும் இல்லை. தோட்டத்துக் கூட்டுறவுக் கடை 1000 ரூபாய்க்கு ஒரு கூப்பன் அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், கொண்டுபோனால் 1000 ரூபாயைக் கையில் கொடுக்கும். அவசரத்துக்கு யாராவது அதை 950க்கு விற்றால் என்ன நடக்கும், ஊரே வாங்கிக்கொண்டு கடைக்கு ஓடும், விலை தன்னால் 1000க்கு ஏறிவிடும். கடைக் கதவு திறந்திருக்கும் மட்டும் இது வேலை செய்யும். டெதரின் கதவு உங்களுக்கும் எனக்கும் திறக்காது, நேரடியாக மாற்ற ஆகக் குறைந்தது 100,000 டொலர் வேண்டும், ஆள் அடையாளமும் காட்ட வேண்டும். பெரியவர்கள் அந்தக் கதவில் நிற்பதால் சந்தையில் விலை நிற்கிறது, நாம் அவர்களின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறோம்.

2022இல் ரூபாய் ஏன் ஓடியது என்று கேட்டீர்களே, அதற்கும் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. மத்திய வங்கி புழக்கத்தில் இருக்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் டொலர் வைத்திருக்கவில்லை, வைத்திருக்கவும் தேவையில்லை, அது அப்படிப்பட்ட அமைப்பு இல்லை. 200 என்று பிடித்து வைத்திருந்தார்கள், கையிருப்புத் தீர்ந்ததும் 2022 மார்ச்சில் கையை விட்டார்கள். ஆனால் ஒரு காலத்தில் இங்கே அப்படிப்பட்ட அமைப்பும் இருந்தது, அது வந்த கதைதான் எனக்கு எப்போதும் ருசி. அதற்கு முந்திய நாளில் இந்த நாட்டில் நோட்டு அடித்தது அரசாங்கம் இல்லை, தனியார் பேங்குகள். அதில் பெரியது ஓரியண்டல் பேங்க் கோப்பரேஷன். அதன் பணத்தில் ஒரு பெரிய பங்கு எங்கே போய் முடங்கியது தெரியுமா, நம் மலையில், காப்பித் தோட்டங்களுக்குக் கொடுத்த கடனில். 1869இல் இலைநோய் வந்து காப்பி அழிய அழிய கடன் திரும்பவில்லை, 1884 மே மாதம் பேங்க் கதவைச் சாத்தியது. மக்கள் கையில் அதன் நோட்டு, நோட்டுக்குப் பின்னால் பட்டுப்போன காப்பிச் செடி. அப்போதைய ஆளுநர் ஆர்தர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவித்துத்தான் நிலைமை அடங்கியது. அதன் பிறகுதான் சட்டம் போட்டு, 1885இலிருந்து அரசாங்க நோட்டு. அடிக்கிற நோட்டுக்கு ஈடாகக் கையிருப்பு வைத்திருக்கும் நாணயச் சபை ஒன்று, 1950இல் மத்திய வங்கி வரும்வரைக்கும் அதுதான் நடத்தியது, ரூபாயும் இந்திய ரூபாயும் ஒன்றுக்கு ஒன்று.

யூஎஸ்டிடி, அதே மாதிரி இன்னொரு கொம்பனியின் யூஎஸ்டிசி எல்லாம் ‘நாங்கள் அந்த நாணயச் சபை மாதிரி’ என்று சொல்லிக்கொள்கிற தனியார் பேங்க் நோட்டுகள். சொல்வது எவ்வளவு உண்மை என்பதுதான் விஷயம். 2021இல் அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பான சிஎஃப்டிசி டெதருக்கு 4 கோடியே 10 லட்சம் டொலர் தண்டம் போட்டது. 2016க்கும் 2018க்கும் இடையில் அவர்கள் பார்த்த 26 மாதத்தில் 27.6 சதவீத நாட்களில்தான் போதுமான கையிருப்பு இருந்தது என்பது அந்த உத்தரவில் இருக்கிறது. ‘ஒவ்வொன்றுக்கும் ஒரு டொலர் இருக்கிறது’ என்று அதே காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது, 2025 ஜூலையில் அமெரிக்காவில் இதற்கென்றே சட்டமும் வந்துவிட்டது. ஆனாலும் அந்த 27.6 என் மனதை விட்டுப் போவதில்லை.

மஸ்கெலியா_மழை:

எல்லாம் வாசித்தேன், ஒன்று விளங்கவில்லை. கடைசியில் ஒரு கொம்பனியை நம்பத்தான் வேண்டும், டொலர் ஒரு பேங்கில்தான் கிடக்கிறது என்றால் 27 பேர், 3 விநாடி, உலகம் முழுக்கப் பிரதி, இந்த ஆரவாரம் எல்லாம் எதற்கு? கொம்பனியே ஒரு கம்ப்யூட்டரில் கணக்கு வைத்துக்கொண்டால் போதாதா? வேலைக்காரன் ஒருவனைக் காவல் காக்க 27 காவல்காரனா?

பண்டாரவளை_நிரல்காரன்:

நியாயமான கேள்வி. என் பதில் பாதிதான் உங்களைத் திருப்திப்படுத்தும்.

கொம்பனியே கணக்கு வைத்திருந்தால் துபாய்க்காரர் தலவாக்கலை அண்ணனுக்கு அனுப்ப இருவரும் அந்தக் கொம்பனியின் வாடிக்கையாளர் ஆக வேண்டும், அவர்கள் ‘இலங்கைக்குச் சேவை இல்லை’ என்றால் கதை முடிந்தது. (எத்தனை தளங்களில் நாட்டுப் பட்டியலில் இலங்கையைத் தேடிக் களைத்திருக்கிறோம்.) புத்தகம் பொது இடத்தில் இருப்பதால் அண்ணன் யாரிடமும் அனுமதி கேட்காமல் ஒரு வரிசை திறந்தார், ஞாயிறோ போயாவோ பார்க்காமல் காசு வந்தது. அனுப்புவதற்குக் கொம்பனி தேவையில்லை, டொலராக மாற்றத்தான் கொம்பனி தேவை.

இன்னொன்று, ட்ரொனில் மொத்தம் எத்தனை யூஎஸ்டிடி இருக்கிறது என்பதை இந்த நிமிடமே நீங்கள் ட்ரொன்ஸ்கேன் தளத்தில் பார்க்கலாம், யாரும் மறைக்க முடியாது. ஆனால் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அங்கே தெரிவது அடித்த கூப்பன் எத்தனை என்பது மட்டும். கடையின் பெட்டிக்குள் எவ்வளவு காசு இருக்கிறது என்பது புளொக்செயினில், அதாவது இந்தப் பொதுப் புத்தகத்தில், தெரியாது, தெரியவும் வழியில்லை, அது நியூயோர்க்கிலோ எங்கோ ஒரு வங்கிப் பேரேட்டில் இருக்கிறது. ‘புளொக்செயினில் இருக்கிறது, அதனால் வெளிப்படை’ என்று யாராவது சொன்னால் எந்தப் பக்கம் வெளிப்படை என்று கேளுங்கள். கடன் பக்கம் கண்ணாடி, கையிருப்புப் பக்கம் சுவர். சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதற்குக் கணக்காய்வாளர் கொடுக்கிற கடிதம்தான்.

2023 மார்ச் 11 ஒரு சனிக்கிழமை, அன்று அது நன்றாகத் தெரிந்தது. யூஎஸ்டிசி நடத்துகிற சர்க்கிள் கொம்பனி ஒழுங்கான கொம்பனி என்று பெயர் எடுத்தது. அதன் கையிருப்பில் 330 கோடி டொலர் சிலிக்கன் வேலி பேங்கில் கிடந்தது, பேங்க் முந்தைய நாள் விழுந்துவிட்டது. புளொக்செயின் வழக்கம்போல விநாடிக்கு விநாடி ஓடிக்கொண்டிருந்தது, ஒரு பிழையும் இல்லை. ஆனால் வங்கிகள் திறக்காத வார இறுதி, மாற்றிக் கொடுக்கிற கதவு சாத்தியிருக்கிறது, விலை 90 சதத்துக்கும் கீழே போனது. அமெரிக்க அரசாங்கம் வைப்புப் பணம் முழுதும் கிடைக்கும் என்று அறிவித்த பிறகு திங்கட்கிழமை பழைய இடத்துக்கு வந்தது. பேரன் அண்ணன் சொன்ன 1884 கதையும் இதுவும் ஒன்றுதான், காப்பிக்குப் பதில் வேறு சரக்கு.

தலவாக்கலை_கடை:

ஐயோ, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. 12 சொல்லையும் எழுதிவிட்டேன், வீட்டில் சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கிறது (இதை இங்கே சொல்லியிருக்கக் கூடாதோ).

இரண்டு கேள்வி. 2022இல் இப்படி ஒரு டொலர் கொயின் ஒரே வாரத்தில் சாம்பலானது என்று கடைக்கு வரும் ஒரு பையன் சொன்னான், அவனுடைய அண்ணன் கொரியாவில் உழைத்ததில் கொஞ்சம் அதில் போயிருக்கிறதாம். அதுவும் இதே சாமான்தானா? இரண்டாவது, இது கடைசியில் நம் உண்டியல் காசு மாதிரித்தானே? அங்கே ஒருவர் வாங்கிக்கொள்வார், இங்கே ஒருவர் கொடுப்பார்.

ஹட்டன்_அக்கா:

தம்பி, சாமிப் படத்தை இன்றைக்கே மாற்றுங்கள்.

அந்தப் பையன் சொன்னது டெர்ரா யூஎஸ்டி, 2022 மே மாதம். பெயரில்தான் டொலர், பின்னால் டொலரே இல்லை. லூனா என்று அவர்களே அடித்த இன்னொரு கொயின்தான் ஈடு. ஒரு டெர்ரா யூஎஸ்டியைக் கொடுத்தால் ஒரு டொலர் பெறுமதிக்கு லூனா புதிதாக அடித்துத் தருவோம் என்பது ஏற்பாடு. எல்லோரும் ஒரே நேரத்தில் கொடுக்க வந்ததும் லூனாவை அடித்துத் தள்ளினார்கள், அடிக்க அடிக்க அதன் விலை விழுந்தது, விழ விழ இன்னும் அதிகம் அடிக்க வேண்டி வந்தது. 80 டொலர் பக்கத்தில் இருந்த லூனா ஒரு வாரத்தில் ஒன்றுமில்லாமல் போனது. அதில் போட்டு வைத்தவர்களுக்கு வருடத்துக்குக் கிட்டத்தட்ட 20 சதவீதம் வட்டி என்று சொல்லியிருந்தார்கள், டொலருக்கு 20 சதவீதம். ஆகவே அது வேறு சாமான். பையனின் அண்ணனை நினைத்தால் பாவமாக இருக்கிறது, கொரியாவில் உழைப்பது சும்மா இல்லை.

உண்டியல் கேள்விக்கு வருகிறேன், இங்கேதான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். டோக்கன் அனுப்புவது வேறு, அதை ரூபாயாக்குவது வேறு. ரூபாயாக்க இங்கே பலர் செய்வது ஆளுக்கு ஆள் விற்பது, முகம் தெரியாத ஒருவர் உங்கள் பேங்க் கணக்கில் ரூபாய் போடுவார், நீங்கள் டோக்கனை விடுவீர்கள். போடுகிற ரூபாய் யாருடையது? என் தம்பி ஒருமுறை விற்றான். ரூபாய் போட்ட கணக்கு வேறொரு பெண்ணுடையது, அவரை யாரோ ஏமாற்றி அந்தக் காசை அனுப்ப வைத்திருக்கிறார்கள். முறைப்பாடு போனது, தம்பியின் கணக்கு முடங்கியது, வாக்குமூலம், அலைச்சல், நான்கு மாதம். திருடன் டோக்கனோடு போய்விட்டான், அதற்கு ‘முறைப்பாடு’ என்று ஒரு கதவே இல்லை.

சட்டப் பக்கமும் சொல்லிவிடுகிறேன். மத்திய வங்கி 2018 முதல் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது, இவை இங்கே சட்டப்படியான நாணயம் இல்லை. டெபிட் கார்டு, கிரெடிட் கார்டு கொண்டு இவற்றை வாங்குவதற்கு 2021ஆம் ஆண்டுப் பணிப்புரைப்படி அனுமதி இல்லை. அதனால் டிஆர்எக்ஸ் வாங்கக் கார்டை எடுக்காதீர்கள், கூட்டாளியிடமே கேளுங்கள். மருமகன் தொடர்ந்து வெளிநாட்டு வேலை செய்கிறான் என்றால் பேங்கில் தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்று திறந்து டொலரையே அங்கே எடுக்கச் சொல்லுங்கள். படிவம் நீளம், வரிசை நீளம், ஆனால் வருமானத்துக்கு ஒரு காகிதம் இருக்கும், நாளைக்கு லோன் கேட்கப் போனால் அந்தக் காகிதம்தான் பேசும்.

பண்டாரவளைத் தம்பி ஒன்றை விட்டுவிட்டார். கணக்கப்பிள்ளை இல்லை என்றார், ஆனால் அந்த நிரலில் கொம்பனிக்கென்று ஒரு பேனா ஒதுக்கியிருக்கிறது. கறுப்புப் பட்டியலில் ஒரு முகவரியைப் போட்டால் அந்த வரிசை உறைந்துவிடும், உள்ளே இருப்பதை அனுப்ப முடியாது. டெதர் விரும்பினால் அதை அழித்துவிடவும் அந்த நிரலிலேயே வழி இருக்கிறது. பொலிஸ் கேட்டு, நீதிமன்றம் கேட்டு அடிக்கடி செய்கிறார்கள். திருட்டுக் காசைப் பிடிக்க நல்லதுதான். ஆனால் ‘யாராலும் தடுக்க முடியாத காசு’ என்று யாராவது கடையில் வந்து சொன்னால் அது யூஎஸ்டிடியைப் பற்றிய பேச்சு இல்லை.

இன்னும் ஒன்று, இது எங்கள் வீட்டில் கிட்டத்தட்ட நடந்தது. முகவரி நீளமாக இருப்பதால் எல்லோரும் முதல் நாலு எழுத்தும் கடைசி நாலு எழுத்தும்தான் பார்ப்போம். அது திருடனுக்கும் தெரியும். நீங்கள் ஒருவருக்கு அனுப்பியதும் அதே முதல், அதே கடைசி எழுத்துகள் வரும்படி ஒரு முகவரியை உண்டாக்கி, அதிலிருந்து ஒன்றுமில்லாத ஒரு சில்லறையை உங்களுக்கு அனுப்பி வைப்பான். அடுத்த முறை நீங்கள் பழைய பட்டியலைத் திறந்து அவனுடையதைக் கொப்பி பண்ணுவீர்கள். பழைய பட்டியலிலிருந்து ஒருபோதும் கொப்பி பண்ணாதீர்கள், ஒவ்வொரு முறையும் ஆளிடமே கேட்டு வாங்குங்கள், நடு எழுத்துகளையும் பாருங்கள்.

பண்டாரவளை_நிரல்காரன்:

அக்கா சொன்னது சரி, பேனா விஷயத்தை நான் விட்டது பிழைதான். ட்ரொனின் 27 பேரும் சேர்ந்தாலும் அந்த உறைதலை மாற்ற மாட்டார்கள், அவர்களுக்கு அது நிரல் சொன்னபடி நடந்த ஒரு வரி, அவ்வளவுதான்.

தலவாக்கலை_கடை:

போய்விட்டது. நேற்று மாலை கூட்டாளி கொஞ்சம் டிஆர்எக்ஸ் போட்டான், முகவரியை அவனுக்குக் கோல் எடுத்து எழுத்து எழுத்தாக வாசித்துச் சரிபார்த்தேன், கடையில் நின்றவர்கள் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். 20ஐ அனுப்பினேன், போனைக் கீழே வைக்க முன் அவன் ‘வந்துவிட்டது’ என்றான். ட்ரொன்ஸ்கேனில் என் முகவரியைப் போட்டுப் பார்த்தேன், எனர்ஜி 65,000 சொச்சம், தம்பி சொன்ன அதே கணக்கு. என் பெயர் இல்லை, தலவாக்கலை இல்லை, ஆனால் 60 வந்ததும் 20 போனதும் உலகத்துக்கே தெரிகிற மாதிரி எழுதியிருக்கிறது, பார்க்க ஒரு மாதிரியாக இருந்தது.

மிச்சம் 40ஐ மருமகன் இப்போதைக்குத் தொடமாட்டானாம். துபாய்க்காரரிடம் அடுத்த வேலைக்குப் பேங்க் கணக்குத்தான் என்று சொல்லிவிட்டான், அவர் ‘சரி, ஆனால் நாலு நாள் ஆகும்’ என்றிருக்கிறார்.

அக்காவுக்கு ஒரு செய்தி. இன்று காலை கடை திறந்து போனைப் பார்க்கிறேன், யாரோ எனக்கு 0.000001 யூஎஸ்டிடி அனுப்பியிருக்கிறார்கள். முகவரியின் முதல் எழுத்துகளும் கடைசி எழுத்துகளும் அப்படியே கூட்டாளியுடையது, நடுவில் முழுக்க வேறு. அனுப்பி ஒரு ராத்திரி கூடக் கழியவில்லை. இரண்டு முகவரியையும் ஒன்றின் கீழ் ஒன்றாக அச்சடித்து, போட்டோகொப்பி மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறேன், எழுத்து வித்தியாசமான இடத்தில் சிவப்புப் பேனாவால் வட்டமும் போட்டு.